ரங்கூனில் ஆறு தடவை செத்த கொரியா சேனாபதி

என் தங்கை கோமதி ஒரே பிடியாக நின்றாள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்துவதுதான் முறை. மடிக்கு நான் இருக்கிறேன், தட்டார் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறார். ஆனால் பெற்றவர் எதிரே நிற்காமல் யாரும் ஊசியை எடுக்கக் கூடாது என்றாள். பெற்றவரோ ரங்கூனில் இருந்தார். மூன்று மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லி நாடகக் கம்பெனிக்கு ஆர்மோனியம் வாசிக்கக் கப்பலேறிய என் மாப்பிள்ளை வைத்திலிங்கம், மூன்று வருஷமாக "அடுத்த கப்பலில்" வந்துகொண்டிருந்தார். குழந்தைக்கு இரண்டரை வயசு. அப்பா என்றால் கடிதம் என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. தபால் வந்தால் "அப்பா வந்தாச்சு" என்று வாசலுக்கு ஓடும்.

"நீங்க போயி அவரக் கூட்டிக்கிட்டு வாங்க. இல்லாட்டி நீங்களும் அங்கேயே இருந்துக்குங்க" என்றாள் கோமதி.

நான் நாகப்பட்டினம் தபால் ஆபீஸில் கடிதம் பிரிக்கும் குமாஸ்தா. ஊரார் கடிதங்களையெல்லாம் ரங்கூன் பைக்குள் போட்டு வந்தவன், கடைசியில் நானே அந்தத் திசைக்குக் கட்டி அனுப்பப்பட்டேன். கப்பலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மூன்றாம் நாள்வரை என் வயிற்றில் தங்கியது எலுமிச்சங்காய் ஊறுகாய் ஒன்றுதான். அதற்கு நான் இன்றைக்கும் நன்றியுள்ளவன்.

ரங்கூனில் ரிக்‌ஷா இழுப்பவர்கள் தெலுங்கு தேசத்தார். எனக்கு வாய்த்தவர் என்னைவிட ஒல்லி. மனிதனை மனிதன் இழுப்பதா என்று மனசு கூசியது, ஆனால் கால் கப்பல் ஆட்டத்திலிருந்து இன்னும் மீளவில்லை, ஏறிவிட்டேன். பாதி வழியில் எதிரே வந்த இன்னொரு ரிக்‌ஷாக்காரரோடு அவருக்கு ஏதோ பழைய தகராறு. பேச்சு முற்றியதும் கையை ஆட்டிப் பேசுவதற்காகப் பிடியை விட்டுவிட்டார். வண்டி பின்பக்கம் சாய்ந்தது. என் முதல் ரங்கூன் தரிசனம் தலைகீழாகத்தான் கிடைத்தது: ஷ்வேடகோன் புத்த கோபுரத்தின் தங்க உச்சி கீழே, என் செருப்பு மேலே. அவர்கள் சண்டை முடியும்வரை அப்படியே கிடந்தேன். தெலுங்கில் எனக்கு இன்று தெரிந்த வசவுகள் எல்லாம் அப்போது கற்றவை.

கம்பெனி தங்கியிருந்தது சுலைமான் பாய் என்பவருடைய மரவீட்டு விடுதியில். பாய்க்குப் பூர்வீகம் நாகூர், பிறந்து வளர்ந்தது ரங்கூன். கூரைமேல் புறா வளர்த்தார். வந்தவனுக்கு முதலில் மொகிங்கா கொடுத்தார். அரிசிச் சேவையின்மேல் மீன் குழம்பை ஊற்றி, அதில் வாழைத்தண்டைப் போட்டுக் காலையிலேயே சாப்பிடுகிறார்கள். நம் ஊரில் சேவைக்குத் தேங்காய்ப்பாலைத் தவிர வேறு நாதி கிடையாது. இவர்கள் அதற்கு ஒரு குளத்தையே துணைக்குக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று கிண்ணம் சாப்பிட்டேன். வாசனை எங்கள் ஊர்க் கருவாட்டுச் சந்து மாதிரி இருந்ததே என்றேன்.

"அது நாப்பி. மீனை அரைச்சு ஊறவெச்சது. இது இல்லாம பர்மாவுல கஞ்சி எறங்காது" என்றார் பாய். "கோ வைத்தியப் பாக்க வந்தீங்களா? பாக்கலாம். கூட்டிக்கிட்டுப் போறதுதான் கஷ்டம்." 'கோ' என்றால் பர்மியத்தில் அண்ணன் என்பது போல.

மாப்பிள்ளை வந்தார். இளைத்துப்போயிருந்தார். என்னைக் கண்டதும் "வாங்க மச்சான்" என்றார். குழந்தை யார் ஜாடை என்று மட்டும் கேட்டார். உங்கள் ஜாடைதான் என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபமாகப் பேசுவதற்கு நாகப்பட்டினத்திலிருந்து ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று.

போக விடாதவர் கம்பெனி முதலாளி, ராஜபார்ட் ரத்தினம். வேதாரண்யத்தில் கழுதைமேல் உப்பு ஏற்றி விற்றவரின் மகன். வாசலில் நுழைந்தால் அறையே இருட்டும், அப்படி ஒரு உடம்பு. கம்பெனியின் பழைய முதலாளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்துவிட்டு, தானே முதலாளி ஆனவர் என்று சொன்னார்கள். நடிகர்களின் துணிப்பெட்டிகளையெல்லாம் தன் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். யாராவது ஊர் என்று பேச்செடுத்தால் "பொட்டி உள்ள இருக்கு" என்பார், அவ்வளவுதான். கம்பெனிக்குக் கதை எழுதிய வாத்தியார் மட்டும் பெட்டி போனால் போகட்டும் என்று ஓடிவிட்டாராம்.

என் வேண்டுகோளைக் கேட்டு ரத்தினம் சிரித்தார். "வைத்தி இல்லாம எனக்கு யாரு சுதி குடுப்பா தபால்காரரே? ஒண்ணு செய்யுங்க. நான் மேடையில சாகற அன்னிக்கு அவனக் கூட்டிக்கிட்டுப் போங்க. நான் தடுக்கல."

நான் தபால்காரர் இல்லை, குமாஸ்தா என்றேன். அது அவர் காதில் விழவில்லை. மேடையில் அவர் சாவதே இல்லை என்று மாப்பிள்ளை பிறகு விளக்கினார். கதையில் ராஜா செத்தாக வேண்டுமானால், கடைசி நேரத்தில் ஒரு முனிவர் வந்து வரம் கொடுத்துவிடுவார். முனிவருக்கென்றே ஒரு தாடி தனியாகத் தயாராக இருந்தது.

மறுநாள் சாப்பாட்டின்போது எதிரே ஒரு கொரியாக்காரர். ஐம்பது வயசு இருக்கும். குளிர்காலந்தோறும் வந்து ஜின்செங் என்ற மருந்து வேர் விற்பவர். பெயர் பாக். பர்மாவில் பெரியவர்களை 'ஊ' என்பார்களாம், அதனால் எல்லாருக்கும் அவர் ஊ பாக். அவர் பர்மியத்தில் பேச, பாய் நமக்குத் தமிழில் சொல்வார். கொரியா எனக்குத் தெரியும், எங்கள் தபால் பட்டியலில் ஜப்பானுக்குக் கீழே அச்சடித்திருக்கும் என்று நட்பாகச் சொல்லிவைத்தேன். பாய் அதை மொழிபெயர்த்ததும் பாக் சோற்றுக் கிண்ணத்தை வைத்துவிட்டு என்னை வெகுநேரம் பார்த்தார். அதற்குப் பிறகு என்னிடம் அவர் பேசவே இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே மற்றவர்களிடம் பேசினார்.

ரத்தினம் யாரும் கேட்டிராத புதுக்கதை தேடிக்கொண்டிருந்தார். ரங்கூன் தமிழர்களுக்குப் பழைய நாடகமெல்லாம் மனப்பாடமாகி, கொட்டகையில் நடிகருக்கு முன்னாலேயே வசனம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். "உங்க ஊர்ல ராஜா கதை இல்லையா?" என்று கேட்டார். பாக் சொன்ன கதை இது.

எழுநூறு வருஷத்துக்கு முன்னால் கொரியாவில் ஒருவன். அப்பன் உப்பும் சல்லடையும் விற்றவன், அம்மா கோயில் அடிமை. மகன் நீலச் சட்டை போட்டு ஒன்பது நிலைப் புத்த கோபுரத்தில் ஏறுவதாக அப்பன் கனவு கண்டான். பையன் ராட்சசன் மாதிரி வளர்ந்தான். அண்ணன் தம்பிகளோடு சேர்ந்து ஊரை அடித்துப் பிடுங்கியதில் மூன்று பேரும் அகப்பட்டார்கள். சித்திரவதையில் மற்ற இருவரும் செத்தார்கள், இவன் சாகவில்லை. இவன் உடம்பைப் பார்த்து அதிகாரி பட்டாளத்தில் சேர்த்துவிட்டான். இவன் குஸ்தியைக் கண்டு ராஜா மயங்கிப் பதவி கொடுத்தார். பிறகு பட்டாளத்தார் ராஜாவுக்கு எதிராக எழுந்தபோது, அதே ராஜாவை இவன் வெறுங்கையால் முதுகெலும்பை ஒடித்துக் கொன்றான். ஒடியும் சத்தம் கேட்டுச் சிரித்தானாம். கடைசியில் சேனாபதியாகி நாட்டையே ஆண்டான். புது ராஜா பேருக்குத்தான். வீட்டில் மரத்தால் செய்த ஒரு பேயை வைத்துக் கும்பிட்டான். ஒரு நாள் அந்தப் பேய் அழுதது. இந்த வீட்டுக்குக் கேடு வருகிறது, எனக்கு இனிமேல் போக இடமில்லை என்றது.

"என்ன கேடு?" என்று ரத்தினம் முன்னால் நகர்ந்தார்.

"புறா" என்றார் பாய்.

சேனாபதியின் மகன், பக்கத்தில் இருந்த இரண்டு சகோதரர்களின் வீட்டிலிருந்து ஒரு புறாவைப் பிடுங்கிக்கொண்டான். தம்பி போய்க் கேட்டான். அவனைக் கட்டச் சொன்னான் சேனாபதி மகன். "உன் கையால் கட்டினால் கட்டு, வேறு எவனும் என்னைத் தொட முடியாது" என்றான் தம்பி. ரோஷக்காரன் என்று விட்டுவிட்டார்கள். அவன் அண்ணனிடம் போனான். இரண்டு பேரும் சேர்ந்து சேனாபதியை மலைப்பக்கம் மடக்கித் தலையை வெட்டிச் சந்தையில் தொங்கவிட்டார்கள். ராஜாவைக் கொன்றதற்கு யாரும் கேட்கவில்லை, புறாவுக்குக் கேட்டுவிட்டார்கள்.

ரத்தினத்துக்கு முகம் பூரித்துவிட்டது. "உப்பு வித்தவன் மகன். நம்ம ஆளு. இதத்தான் போடறோம், சேனாபதி நான். ஆனா முடிவு சரியில்ல. இவ்வளவு பெரிய மனுஷன் ஒரு புறாவுக்காகவா சாவான்? புறாவத் திருப்பிக் குடுத்துடறான். அண்ணன் தம்பிங்க கால்ல விழறாங்க. மங்களம்."

பாய் அதை மொழிபெயர்க்கத் தயங்கினார். வற்புறுத்திச் சொல்ல வைத்தோம். பாக் மெதுவாகத்தான் பதில் சொன்னார். பாய் அதைத் தமிழாக்கியபோது அவர் குரலும் இறங்கியிருந்தது: "நாட்டை ஜப்பான்காரங்க எடுத்துக்கிட்டாங்க. கதையாவது நடந்தபடி இருக்கட்டும்ங்கிறாரு."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் ஆபீஸில் அந்தப் பட்டியலை நான் தினம் பார்க்கிறேன். ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி அச்சாகியிருப்பதில் ஒரு மனிதனுக்குச் சோறு இறங்காமல் போகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

எழுத ஆள் இல்லையே என்றார் ரத்தினம். மாப்பிள்ளை, பாவி மனுஷர், "மச்சான் கல்யாண வாழ்த்துப்பா எழுதுவாரு" என்று சொல்லிவைத்தார். அதோடு நான் மாட்டிக்கொண்டேன். நான்கு நாள், லப்பெ என்கிற ஊறவைத்த தேயிலையை மென்றுகொண்டு எழுதினேன். தேயிலையைத் தின்னவும் செய்யலாம் என்பது நம் ஊரில் யாருக்கும் தோன்றாத யோசனை. உறக்கம் கிட்டவே வராது. கொரியா ராஜா காம்போதியில் புலம்பிக்கொண்டே முதுகு ஒடிந்தார். முடிவை இரண்டு விதமாகவும் எழுதிக் கொடுத்தேன், வெட்டுவது ஒன்று, மங்களம் ஒன்று. ரத்தினம் வெட்டும் முடிவை மடித்துத் தன் பெட்டி அறையில் வைத்துப் பூட்டிவிட்டார். ஆனால் சகோதரர்களாக நடித்த இருவரும் அதற்குள் அதையும் மனப்பாடம் செய்திருந்தார்கள். இரண்டு பேருடைய துணிப்பெட்டியும் உள்ளேதான் இருந்தது.

சனிக்கிழமை நோட்டீஸ் போட மாட்டுவண்டியில் தம்பட்டத்தோடு அலோன் பக்கம் போனோம். படகுத்துறையும் கிடங்கும் நிறைந்த இடம், மூட்டை தூக்கும் நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் டிராம் தண்டவாளத்துப் பள்ளத்தில் இறங்கிக்கொண்டது. பின்னால் டிராம் மணியடித்து மாட்டை மிரட்டியது. ரத்தினம் இறங்கி, மேலே நான் உட்கார்ந்திருக்கும்போதே வண்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார். மூட்டைக்காரர்கள் மூட்டையை இறக்கிவிட்டுக் கைதட்டினார்கள். நோட்டீசுக்கு அதற்குமேல் தேவையே இருக்கவில்லை.

ஞாயிறு பகல் ஆட்டம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாவிலிருந்து வருகிறவர்கள் மாலைக் கடைசிப் படகைப் பிடிக்க வேண்டும் என்பதால் அந்த நேரம். கொட்டகை நிரம்பி வழிந்தது. நான் திரும்ப வேண்டிய கப்பல் மறுநாள் காலை. கோமதிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி பக்கவாட்டில் நின்றேன். முன்வரிசையில் பாக், தன் வேர்ப்பெட்டியோடு. அவர் பக்கத்தில் சுலைமான் பாய். பாய் வந்தது நாடகத்துக்காக இல்லை. பேகம் என்ற அவருடைய வெள்ளைப் புறாதான் கொரியாப் புறாவாக நடித்தது.

கொரியா உடைக்கு வழி தெரியாததால் எல்லாரும் பழைய வெல்வெட் அங்கியையே போட்டிருந்தார்கள். ஒன்பது நிலைக் கோபுரம் வரையச் சொன்னதற்கு, படுதா வரைபவர் தனக்குத் தெரிந்த ஷ்வேடகோனையே வரைந்து வைத்திருந்தார். அது இறங்கியதும் பின்வரிசைப் பர்மியர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். ராஜா முதுகு ஒடிந்து விழுந்ததும் "ஒன்ஸ் மோர்" என்று கொட்டகை அதிர்ந்தது. நம் நாடகத்தில் ஒன்ஸ் மோர் கேட்டால் பிணமானாலும் எழுந்துதான் ஆக வேண்டும். ராஜா எழுந்தார், புலம்பினார், மறுபடியும் ஒடிந்தார். மூன்றாம் தடவை எழுந்தபோது நிஜமாகவே இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். பாக் முகத்தில் ஒரு அசைவும் இல்லை.

பிறகு புறா வந்தது. சேனாபதி மகனாக நடித்தவன் அதைப் பிடுங்கினான். பேகத்துக்கு அவன் கை பிடிக்கவில்லை. படபடவென்று உதறிக்கொண்டு உத்தரத்தில் ஏறி உட்கார்ந்து, கொட்டகையை ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு, காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த தட்டி வழியாக வெளியே போய்விட்டது.

கதை அதனால் நிற்கவில்லை. கடைசிக் காட்சியில் சகோதரர்கள் தகரக் கத்தியோடு வந்தார்கள். "எங்கே எங்கள் புறா?"

ரத்தினத்தின் வசனம், "இதோ, பெற்றுக்கொள்ளுங்கள்" என்பது. கை தன்னால் நீண்டது. கையில் ஒன்றும் இல்லை. சமாளிக்கிறவர்தான். தன் மோதிரத்தைக் கழற்றி நீட்டினார். தம்பி வாங்கவில்லை. அவனுக்குத் தன் துணிப்பெட்டி ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மோதிரம் வேண்டாம். புறா எங்கே?" என்றான். ரத்தினம் ஒரு பாட்டு பாடினார். பாட்டு முடிந்ததும் அண்ணன் கேட்டான்: "புறா எங்கே?" முனிவர் தாடியோடு வரம் கொடுக்க எட்டிப்பார்த்தார், சபையின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அப்போது முன்வரிசையில் பாக் எழுந்து நின்றார். பர்மியத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரங்கூன்வாசிகளுக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. பெஞ்சு, தரை, பின்வரிசை எல்லாம் பிடித்துக்கொண்டன. இரண்டு பாஷையிலும் "புறா எங்கே, புறா எங்கே" என்று கூரைத் தகரம் அதிர்ந்தது. பாய் எல்லாரையும்விட உரக்கக் கேட்டார். அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

ரத்தினம் என்னைப் பார்த்தார். வேறு வழியே இல்லை. தம்பி வெட்டினான். ரத்தினம் செத்தார்.

எப்பேர்ப்பட்ட சாவு அது. இருபது வருஷமாகச் சாகாமல் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார். முழங்கால் மடிந்தது, கை புறாவைத் தேடியது, மாப்பிள்ளையின் ஆர்மோனியம் கீழே கீழே இறங்கி அவரைக் கொண்டுபோய்த் தரையில் கிடத்தியது. மூட்டை தூக்குகிறவர்கள் அழுதார்கள். நானும் அழுதேன், அதில் சந்தோஷம்தான் பாதிக்குமேல். பிறகு அந்தக் கூச்சல் எழுந்தது: ஒன்ஸ் மோர்.

மாப்பிள்ளை சுருதி கொடுத்தார். ரத்தினம் எழுந்தார். எழும்போது என் பக்கம் திரும்பி, சத்தம் வராமல் வாயசைத்தார்: "எந்திரிச்சிட்டேன் பாத்தீங்களா?"

அவர் கணக்குப் புரிந்தது. செத்தவர் எழுந்துவிட்டால் அது சாவில் சேராது. இரண்டாம், மூன்றாம் தடவை செத்தார், எழுந்தார். நான்காம் தடவை வலதுபக்கம் விழுந்தார். வாழ்நாளில் கேட்காத கைதட்டல், அவருக்கு விட மனசில்லை. ஒவ்வொரு தடவை எழும்போதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ராஜாவின் முதுகு ஒடிந்தபோது சேனாபதி எப்படிச் சிரித்திருப்பான் என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. கோமதியின் குழந்தை வாசலுக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாவது சாவு. ஒன்ஸ் மோர். ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு சுருதிக்காகக் காத்துக் கிடந்தார்.

சுருதி வரவில்லை.

மாப்பிள்ளை ஆர்மோனியப் பெட்டியின் மூடியைச் சாத்தினார். அது நாங்கள் கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த கால் ஆர்மோனியம், மடக்கினால் ஒரு பெட்டியாகிவிடும். அதன் காலை மடக்கினார், துருத்தியைக் கட்டினார், கொக்கியை மாட்டினார். ஒவ்வொன்றும் சத்தமாகக் கேட்டது, கொட்டகை அப்படி அமைதியாகிவிட்டது. சுருதி இல்லாமல் எழுந்து நின்றால் ராஜபார்ட் வெறும் ரத்தினம்தான். அவரால் எழுந்திருக்க முடியவில்லை. மூடிய கண்ணோடு உதட்டோரத்தில் கெஞ்சினார்: "டேய் வைத்தி, சுதி குடுடா." பிறகு, "வைத்தி, குடுப்பா."

மாப்பிள்ளை பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

ஆற்றிலிருந்து டாலாப் படகு ஊதியது. சனம் எழுந்து போக ஆரம்பித்தது. சகோதரர்கள் மேடையிலிருந்து குதித்து விடுதிப் பக்கம் ஓடினார்கள், பூட்டை உடைக்கத்தான். கடைசியாக எழுந்தவர் பாக். மேடையேறி, கிடந்தவரைக் குனிந்து நன்றாகப் பார்த்தார். திருப்தியாக இருந்தது போலிருக்கிறது. பெட்டியிலிருந்து ஒரு வேரை எடுத்துச் சேனாபதியின் மார்பில் வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"வேக வெச்சுக் குடிக்கச் சொல்றாரு. ஒடம்பு தேறுமாம்" என்றார் பாய். என்னைத் தாண்டும்போது பாக் நின்று, முதல் தடவையாக என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசினார். "கொரியா" என்றார், தன் நெஞ்சைத் தொட்டு. நானும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

நாங்கள் விடுதிக்கு வந்தபோது பேகம் கூரையில் தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் துணிப்பெட்டிக்குக்கூட நாங்கள் காத்திருக்கவில்லை.

கப்பலில் கேட்டேன். "மூணு வருஷமா இந்தப் பொட்டிய மூடணும்னு தோணலையா மாப்பிள்ளை?"

"மூடலாம்னு எனக்கே நேத்துதான் தெரிஞ்சுது மச்சான்."

ஊருக்கு வந்த ஐந்தாம் நாள் காது குத்து. குழந்தை அவரிடம் அண்டவே இல்லை. அப்பா என்று காட்டினால், இல்லை, அப்பா காகிதம் என்றது. என் மடியில் உட்கார்ந்து முதல் காது குத்தியதும் வீறிட்டது. அடுத்த காதைத் தொட விடவில்லை, தட்டார் ஊசியோடு காத்திருந்தார். மாப்பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொக்கியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்து, கைக்கு வந்ததை வாசித்தார். வந்தது சேனாபதி செத்த பாட்டு. சுரம் கீழே கீழே இறங்க இறங்க, குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு ஈர முகத்தோடு அவரையே பார்த்தது. இரண்டாவது காது குத்தியதே அதற்குத் தெரியவில்லை.

பாட்டு முடிந்து மாப்பிள்ளை மூடியில் கை வைத்தார்.

"இன்னொரு வாட்டி" என்றது குழந்தை.

அவர் என்னைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார். கையை மூடியிலிருந்து எடுத்தார். கொரியா சேனாபதி எங்கள் கூடத்தில் மறுபடியும் முதலிலிருந்து சாக ஆரம்பித்தார்.